இரண்டாயிரத்து நானூற்று எழுபத்து மூன்று கிலோ

லிப்டுக்குப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான் செவேர். 'மூன்றாம் மாடி, பதினொன்றாம் எண் வீடு, ஓட்டீலியா: அனுமதி பெறாத நீர்நிலை.' நீர்நிலையாம்! ஏரி, குளம் வரிசையில் என் வீட்டுக் கூடத்தையும் சேர்த்துவிட்டான். நான்கு வாரம் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டம், அதில் ஓட்டெடுப்பு. நான் தோற்றால் பதினைந்து நாளில் என் மீன் தொட்டியைக் காலி செய்ய வேண்டும்.

செவேர் எங்கள் கட்டடத்துச் சங்கத் தலைவன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவனுக்குத் தடை போடுவதுதான் பொழுதுபோக்கு. புறாவுக்கு இரை போடத் தடை, படிக்கட்டில் சைக்கிள் நிறுத்தத் தடை, பால்கனியில் முட்டைக்கோஸ் ஊறப்போடும் பீப்பாய்க்குத் தடை. அவன் பால்கனிப் பீப்பாய் மட்டும் பூந்தொட்டி என்று கணக்கு. பூ எதுவும் இதுவரை பூக்கவில்லை, வாசனை மட்டும் நான்கு மாடிக்கும் வரும்.

என் தொட்டி நான்கு வருடத்துத் தொட்டி. ஆழமில்லாத கடலின் ஒரு மூலையை அப்படியே பெயர்த்து வைத்தது போல இருக்கும். ஸ்பெயினுக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் போன என் கணவன் யூலியன் இரண்டு பருவம் பறித்துவிட்டு, தொட்டி வருவதற்கு முந்தைய வருடம், மூன்றாவது பருவத்தில் கடலோர ஊர் ஒன்றில் வேறொருத்தியுடன் தங்கிவிட்டான். "புருஷன் கடலுக்குப் போனான், இவ கடலையே வீட்டுக்கு இழுத்துட்டு வந்துட்டா" என்று படிக்கட்டில் பேசினார்கள். என் காதுபடவே பேசினார்கள். பேசட்டும். அது பாதி உண்மைதான். அவன் அனுப்பிய படத்தில் அவன் ஜன்னலுக்கு வெளியே கடல் தெரிந்தது. அவளைப் பார்த்து எனக்குப் பொறாமை வரவில்லை, அந்த ஜன்னலைப் பார்த்து வந்தது. கடலே இல்லாத பக்காவ் ஊரில் பிறந்தவளுக்குக் கடல் கிடைக்காது என்று யார் எழுதி வைத்தது?

வாங்கியவுடன் வருவதில்லை அந்தக் கடல். முதலில் வெறும் கல்லும் உப்புத் தண்ணீரும் மட்டும். ஆர்.ஓ. தண்ணீரில் கடலுப்புப் பொடியைக் கலந்து, அளந்து, ஊற்றி, கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கல்லில் குடியேறும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நான் காத்திருக்கவில்லை. பத்தாவது நாளே இரண்டு கோமாளி மீன்களை விட்டேன், பன்னிரண்டாவது நாள் இரண்டும் செத்து மிதந்தன. உட்கார்ந்து அழுதேன். கணவன் போனதற்குக்கூட அப்படி அழவில்லை. அதன்பிறகு அந்தத் தொட்டியிடம் நான் அவசரம் காட்டியதே இல்லை. ஞாயிறுதோறும் காரத்தன்மை, சுண்ணாம்புச் சத்து, உப்பின் அளவு எல்லாம் பார்த்து நோட்டில் எழுதுவேன். நுரையோடு அழுக்கைப் பிரிக்கும் குழாயின் கோப்பையைக் கழுவுவேன். அதன் நாற்றத்தை அனுபவித்தவர்களுக்கு செவேரின் பீப்பாய் சந்தனம்.

முதல் பவளம் க்ளூஜ் ஊரில் இருக்கும் ஒரு பல் டாக்டர் கொடுத்தது. முகம் பார்த்ததில்லை. தன் தொட்டியில் வளர்ந்த பச்சைப் பவளத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கிளையை நறுக்கி, தண்ணீர்ப் பையில் கட்டி, தெர்மாகோல் பெட்டியில் வைத்து, பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்பினார். காசு வேண்டாம் என்றுவிட்டார். "வளந்ததும் நீங்களும் நாலு பேருக்கு வெட்டிக் குடுங்க. என்னோடது செத்தா உங்ககிட்டதான் வந்து நிப்பேன்" என்றார். பவளம் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் இதுதான் வழக்கம். அந்தக் கட்டைவிரல் இன்று ஒரு முட்டைக்கோஸ் அளவு. தொட்டியைப் பிரித்தால், இடம் மாற்றினால், அதில் பாதிகூடத் தேறாது. நான்கு வருடத்தைப் பதினைந்து நாளில் வாளியில் ஊற்று என்கிறான் செவேர்.

புகார் கொடுத்தது கீழ் வீட்டு ஜெனோவேவா அக்கா. அவளுடைய கூடத்துச் சீலிங்கில் விரிசல். நேரே மேலே என் தொட்டி. "நான் சோபாவுல படுத்தா என் தலைக்கு மேல ஏழு குவிண்டால் தண்ணி தொங்குதுடி. உனக்கென்ன, நீ மேல இருக்கே" என்றாள். அவள் பயம் பொய்யில்லை. அதனால்தான் நான் அவளோடு சண்டை போடவில்லை, செவேரோடு மட்டும் போட்டேன்.

ஏழு குவிண்டால் இல்லை, எழுநூற்று நாற்பத்தெட்டு கிலோ. எனக்குத் தெரியும், ஏனென்றால் எடை போடுவதுதான் என் பிழைப்பு. ஊருக்கு வெளியே தானியக் கிடங்கில், லாரி எடை மேடையில், இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். தொட்டி, அதன் கீழே இருக்கும் சின்னத் தொட்டி, இரும்பு ஸ்டாண்ட், கல் என்று எல்லாவற்றையும் வீட்டுக்குள் ஏற்றும் முன் கிடங்குக்குக் கொண்டுபோய் நிறுத்தேன். லாரி மேடை இருபது கிலோவுக்குக் கீழே வாய் திறக்காது, அதனால் மூட்டைத் தராசில். தண்ணீரை வாளி வாளியாக எழுதினேன். எங்கள் கிடங்கைக் கட்டிய எஞ்சினியர் பெத்ராக்கே வந்து, சுமைதாங்கிச் சுவரை ஒட்டி எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தார். அவர் எழுதிய கடிதத்தை செவேர் இரண்டு விரலால் பிடித்து, "உங்க சிநேகிதர்தானே" என்று திருப்பித் தந்தான்.

சரி, காகிதம் செல்லாது என்றால் கண்ணால் பார்க்கட்டும் என்று முடிவு செய்தேன்.

கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு பெத்ராக்கேயை ஜெனோவேவா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அவர் ஏணியில் ஏறி, விரிசலுக்குக் குறுக்கே விரல் அகலக் கண்ணாடிப் பட்டை ஒன்றை வைத்து, இரண்டு முனையையும் சிமென்ட் பூசி ஒட்டினார். தேதியைப் பென்சிலால் எழுதினார். "விரிசல் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் இந்தக் கண்ணாடி உடைஞ்சிடும்மா. உடையலைன்னா அது பழைய பூகம்பத்து விரிசல், மேல இருக்கிற மீனுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றார். "கண்டிப்பா உடையும்" என்றாள் ஜெனோவேவா. அதற்குத்தான் அவள் சம்மதித்ததே.

கீழே இறங்கும்போது பெத்ராக்கேயிடம் கேட்டேன், என் கூடத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்று. படியிலேயே நின்று மனக்கணக்குப் போட்டார். "இருபத்தஞ்சு பேர் வரைக்கும் பயமில்ல. கைகோத்து ஆட மட்டும் விடாதீங்க."

எங்கள் கூட்டங்கள் துணி காயப்போடும் அறையில்தான் நடக்கும். ஜனவரியில் அங்கே ஹீட்டர் உடைந்து கிடந்தது. அறிவிப்புக்குக் கீழே நானே எழுதினேன்: 'கூட்டத்தை என் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். சூடாக இருக்கும். வால்நட் ரொட்டி உண்டு.' செவேர் சிரித்தானாம். ஆடு தானாகவே கசாப்புக் கடைக்கு இடம் கொடுக்கிறது என்றானாம்.

இருபத்து மூன்று பேர் வந்தார்கள். இவ்வளவு பேர் எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. பாதிப் பேர் ரொட்டிக்கு, பாதிப் பேர் தொட்டியைப் பார்க்க. பூட்ஸை எல்லாம் வெளியே கழற்றிவிட்டு, காலுறையோடு உள்ளே வந்தார்கள். நான் வாசலில் உட்கார்ந்து கையெழுத்து வாங்கினேன். ஒவ்வொருவரையும் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்து, என் நோட்டில் ஓர் எண்ணையும் எழுதிக்கொண்டேன். இருபத்தாறு வருடமாக லாரி டிரைவர்கள் என்னிடம் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறார்கள். ஆளைப் பார்த்தால் எடை சொல்வேன்.

நான் நினைத்தபடியே எல்லோரும் தொட்டியைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள். மஞ்சள் மீன் கடற்பாசித் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தது. முதல் மாடியில் இருக்கும், பேக்கரியில் வேலை செய்கிற, சாந்து என்கிற பையன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "அக்கா, இந்தக் கல்லுக்கு உயிர் இருக்கா?" என்றான்.

"உனக்கு இருக்கிற அளவு இருக்கு. கண்ணாடியில எச்சில் படாம பாரு."

செவேர் நடுவில் நின்று தொண்டையைச் செருமினான். "எல்லாருக்கும் விஷயம் தெரியும். தொட்டி அழகா இருக்கு, நான் இல்லேங்கல. ஆனா இந்தத் தரை இவ்வளவு பாரம் தாங்காது. நாளைக்கே இது இடிஞ்சு விழுந்தா யார் பொறுப்பு? அம்மா, உங்களுக்குக் கடல் ஆசை இருந்தா நீங்களும் அங்கேயே போயிருக்கலாமே."

யாரோ சிரித்தார்கள். நான் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"தலைவரே, இந்தத் தரை தாங்காதுங்கறீங்க. தொட்டி எழுநூத்தி நாப்பத்தெட்டு கிலோ. இப்ப அதைச் சுத்தி நிக்கிற நீங்க எல்லாரும் சேர்ந்து ஆயிரத்து எழுநூத்தி இருபத்தஞ்சு. மொத்தம் ரெண்டாயிரத்து நானூத்தி எழுபத்து மூணு. இருபது நிமிஷமா நிக்கறீங்க, ரெண்டு தட்டு ரொட்டியும் காலி. அந்த ரொட்டியை நான் கணக்குல சேக்கல."

 ஒவ்வொருவராகத் தங்கள் பாதங்களைக் குனிந்து பார்த்தார்கள். சாந்து மெல்ல மெல்ல, பனிக்கட்டிமேல் நடப்பவனைப் போல, சுவரோரம் நகர்ந்தான்.

"இது கொலை முயற்சி!" என்றான் செவேர்.

"எஞ்சினியர்கிட்ட கேட்டுட்டுத்தான் கூப்பிட்டேன். இருபத்தஞ்சு பேர் வரைக்கும் தாங்கும்னார். இருபத்து மூணுதான் வந்திருக்கீங்க."

"எங்க எடையெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்? என்னோடது என்ன போட்டிருக்கீங்க?"

"நூத்திப் பன்னெண்டு."

"நூத்தி நாலு!" என்று அவன் கத்த, பின்னாலிருந்து அவன் மனைவியே, "பன்னெண்டுதான், பன்னெண்டுதான்" என்றாள். கூடம் குலுங்கச் சிரித்தார்கள். குலுங்கியது சிரிப்பில்தான், தரை அசையவில்லை.

நான் சிரிக்கவில்லை. "கீழ ஜெனோவேவா அக்கா வீட்ல கண்ணாடிப் பட்டை ஒண்ணு இருக்கு. இந்தப் பாரத்துக்கு விரிசல் அசைஞ்சிருந்தா அது இந்நேரம் உடைஞ்சிருக்கும். உடைஞ்சிருந்தா ஓட்டெடுப்பே வேணாம், நாளைக்கே தொட்டியைக் காலி பண்றேன். உடையலைன்னா இந்தப் பேச்சை இனிமே யாரும் எடுக்கக் கூடாது. அக்கா, நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க."

ஜெனோவேவா தன் இடத்தைவிட்டு அசையவில்லை. என் கையில் இருந்த நோட்டைக் கைநீட்டி வாங்கினாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயரைத் தேடினாள். பார்த்தாள். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

"நானும் வரேன்" என்று செவேர் கிளம்பினான்.

"என் வீட்டுக்குள்ள நீ எதுக்கு? சமையலறை கிடக்கிற கிடப்புல! நில்லு இங்கேயே."

அவள் தனியாகப் போனாள். அவள் பூட்ஸ் மாட்டும் சத்தம், படியில் இறங்கும் சத்தம், சாவி திரும்பும் சத்தம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கீழே அவள் தனி. சாட்சி கிடையாது. விளக்குமாற்றுக் கட்டையால் ஒரு தட்டு தட்டினால் போதும், தொட்டி போய்விடும், அவள் பயமும் போய்விடும். புகார் கொடுத்தவளையே நீதிபதியாக்கி அனுப்பிய முட்டாள் நான்.  தொட்டியின் வெப்பமானியைப் பார்த்தேன். இத்தனை பேரின் உடல் சூட்டில் ஒரு டிகிரி ஏறியிருந்தது. போய் ஜன்னலைத் திறந்துவிட்டேன். யாரும் குளிருகிறது என்று சொல்லவில்லை. பச்சைப் பவளம் நீரோட்டத்தில் ஆடாமல் அப்படியே நின்றது. வாளியில் ஊற்றும்படி ஆனால் முதலில் அதைத்தான் பல் டாக்டருக்கு அனுப்ப வேண்டும், நாளைக் காலை பஸ்ஸில், என்று ஓடியது மனம்.

ஜெனோவேவா மூச்சிரைக்க வந்து நிலைப்படியில் நின்றாள்.

"முழுசா இருக்கு" என்றாள். "ஒரு கீறல்கூட இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா? வயசான கண்ணு" என்றான் செவேர்.

"ஏணி மேல ஏறிப் பாத்தேன்டா. எழுதிக்கோ."

இருந்தாலும் ஓட்டெடுப்பு நடத்தியே தீருவேன் என்றான். தொட்டி போக வேண்டும் என்று நான்கு கைகள் எழுந்தன. அவன் மனைவியின் கை எழவில்லை. அவன் அதைப் பார்த்தபடியே கூட்டக் குறிப்பை எழுதி முடித்து, மூன்றாவது தட்டின் கடைசி ரொட்டித் துண்டையும் எடுத்துக்கொண்டு போனான்.

எல்லோரும் போனபின் ஜெனோவேவா மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

"அக்கா, ஒரு தட்டுத் தட்டியிருந்தா முடிஞ்சிருக்கும். ஏன் தட்டல?"

"விளக்குமாத்தைக் கையில எடுத்தேன்டி. பொய் சொல்ல மாட்டேன், எடுத்தேன்." காபியை ஒரு வாய் குடித்தாள். "போன செவ்வாக்கிழமை டாக்டர் வீட்டு மிஷின்ல ஏறினேன். எண்பத்தேழு. என் பொண்ணுகிட்டகூட எண்பதுன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். உன் நோட்டுல எண்பத்தேழுன்னு இருந்துச்சு. என் எடையை இவ்வளவு சரியாப் போட்டவ, மீன் தொட்டியோட எடையில மட்டும் பொய் சொல்வாளா?"

 ஞாயிற்றுக்கிழமை, காரத்தன்மை பார்க்கும் நேரம் தாண்டிவிட்டிருந்தது. சோதனைக் குழாயை எடுத்துத் தொட்டித் தண்ணீரை மொண்டேன். அதில் விட்ட மருந்துச் சொட்டுகளை அவள் எண்ணினாள், நான் எழுதினேன்.