முப்பத்து நாலாம் கதவு

"பொருந்தும்" என்ற சொல்லை முதன்முதலில் பெட்டிமேல் அச்சடித்தவன் மட்டும் அன்றைக்கு அவள் கையில் கிடைத்திருந்தால், அவன் கதை அங்கேயே முடிந்திருக்கும். அண்ணன் கடையின் கல்லாவுக்குக் கீழே, டீ டம்ளர் வைப்பதற்காக ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அதன் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: எல்லாக் கேமராவுக்கும் பொருந்தும்.

டம்ளரை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியைப் புரட்டிப் பார்த்தாள். கேமராவைத் திருப்பும் கன்ட்ரோலர் வந்த பெட்டி. ஆனால் அவள் வாங்கச் சொன்ன கன்ட்ரோலர் இல்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

காவல் கேமரா விற்கும் கடை அது. விற்பது அண்ணன், மாட்டுவது அவள். பெரிய சரக்குக் கிடங்கு ஒன்றில் இருக்கிற கேமரா அத்தனையும் அவள் ஏணியேறி மாட்டியவை. எல்லாம் மோட்டாரில் சுழல்பவை. அறையில் உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினால் திரும்பும். கதவின் எண்ணை அமுக்கினால் தானாகவே அந்தக் கதவுக்கு நேராகப் போய் நிற்கும். அந்த அறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை அவள் கணவருக்கு.

பழைய கன்ட்ரோலர்மேல் யாரோ தண்ணீரைக் கொட்ட, அது போய்ச் சேர்ந்தது. அப்போதே அவள் படித்துப் படித்துச் சொன்னாள். "கேமரா எந்தக் கம்பெனியோ அதே கம்பெனி கன்ட்ரோலர் வாங்குண்ணே. இல்லன்னா நம்ம கேமரா மாடலைப் பேர் சொல்லிப் போட்டிருக்கான்னு பாரு." அண்ணன் தலையைத் தலையை ஆட்டினான். அவள் வேறு இடத்தில் வேலையாக இருந்த நேரத்தில், கடையில் விலைபோகாமல் தூங்கிக்கொண்டிருந்த ஒன்றைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு, "நீ சொன்னதுதான்" என்று அவள் காதில் பூவும் சுற்றிவிட்டான்.

இப்போது கிடங்கின் முப்பத்து நாலாம் கதவு வழியாக ஒரு வண்டிச் சரக்கு காணாமல் போயிருந்தது. பதிவைப் போட்டுப் பார்த்தால், கேமரா கதவைப் பார்க்காமல் ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. திருப்பியது யார்? அறையில் இருந்தவர்தானே. திருடனுக்குக் கூட்டு என்று அவள் கணவர்மேல் முத்திரை குத்தியாகிவிட்டது. இன்று விசாரணை. அது முடிந்தால் வேலையும் போகும், போலீசும் வரும்.

"நாலு பேர்கிட்ட நல்ல பேர் எடுத்த மனுஷன்ணே அவரு. வேற கன்ட்ரோலர்னு போய்ச் சொல்லு."

"பிளக் உள்ள போகுது, படம் வருது, தள்ளினா திரும்புது. வேற என்ன பொருந்தணும்?" என்றான் அண்ணன். "மாப்பிள்ளை அசந்துட்டாரு. அதுக்கு என் வியாபாரத்தை நான் கெடுத்துக்கணுமா?"

அவள் கடையை விட்டு இறங்கினாள். அதற்குமேல் பேசினால் டம்ளர் பறந்திருக்கும்.

விசாரணை கேமரா அறையிலேயே நடந்தது. திரைகளுக்கு முன்னால் கிடங்கு மேலாளர். அவர் பக்கத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவன்போல இஸ்திரிச் சட்டையில் அண்ணன். மூலையில், தன் நாற்காலியில் உட்காரக்கூட அனுமதி இல்லாமல், அவள் கணவர். அழைக்காமலே உள்ளே போன அவளைப் பார்த்ததும் அண்ணன் முகம் சுருங்கியது.

"கேமரால ஒரு குறையும் இல்ல சார்," என்று அவன் பூசி மெழுகிக்கொண்டிருந்தான்.

"அப்படின்னா அந்தக் கதவைக் காட்டுண்ணே," என்றாள். "உன் கையாலேயே."

அவன் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தான்.

"அதைத் தொடாதே. எண்ணை அமுக்கு."

மேலாளரும் பார்த்துக்கொண்டிருந்ததால் வேறு வழியில்லை. மூன்று, நான்கு என்று அமுக்கினான். கேமரா கதவைத் தாண்டிச் சாவகாசமாகத் திரும்பி, வெள்ளைச் சுவரில் போய் நின்றது. இன்னொரு முறை அமுக்கினான். அதே சுவர்.

"இந்தக் கேமராவுக்கு முப்பத்து நாலுங்கிறது கதவு நம்பர் இல்ல சார்," என்றாள் மேலாளரிடம். "தொடங்கின இடத்துக்கு, அதாவது அந்தச் சுவருக்கு, திரும்பிப் போன்னு அர்த்தம். சில நம்பரை அப்படி உத்தரவுக்குன்னே ஒதுக்கி வச்சிருப்பாங்க. பழைய கன்ட்ரோலர் அதே கம்பெனி. அதுக்கு இது தெரியும், நம்பரை மாத்தி அனுப்பிடும். இது வேற கம்பெனி. அமுக்கினதை அப்படியே அனுப்புது. சுவரைப் பார்க்கத் திருப்பினது என் வீட்டுக்காரர் இல்ல, இந்தக் கன்ட்ரோலர்."

மேலாளர் அண்ணனைப் பார்த்தார். "பொருந்தும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பெட்டியிலயே போட்டிருந்தான் சார். சின்ன செட்டிங்தான், மாப்பிள்ளை அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

அந்த இடத்தில்தான் அவளுக்கு உச்சந்தலைக்கு ஏறியது. கன்ட்ரோலரின் வயரைப் பிடுங்கி, அதைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள். "எடுத்துட்டுப் போ. டீ டம்ளர் வைக்க இன்னொண்ணு ஆச்சு. நாளையிலிருந்து ஏணி ஏற வேற ஆளைப் பார்த்துக்கோ."

அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனான். மேலாளர், "தப்பா நினைச்சிட்டோம்பா," என்று சொல்லி, காலியாக இருந்த நாற்காலியைக் காட்டினார்.

கணவர் உட்காரவில்லை. வெளியே நடந்தார். அவளும் கூடவே நடந்தாள். ஜெயித்த மிடுக்கு இன்னும் அவள் நடையில் இருந்தது. வாசல் வரை அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை.

"என்னங்க, இன்னும் கோபமா? அவனைத்தான் கிழிச்சுப் போட்டுட்டேனே. உங்ககிட்டயே குறை சொல்ல வந்தான் பாருங்க, அன்னிக்கே நீங்க சொல்லியிருந்தா சரியாயிருக்குமாம்."

"சொன்னேனே," என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "உன்கிட்டதான் அன்னிக்கே சொன்னேன். முப்பத்து நாலை அமுக்கினா சுவரு வருதுன்னு, சாப்பிடும்போது. நீ தட்டுலேர்ந்து தலையைக்கூடத் தூக்கல. சரியா அமுக்கினீங்களான்னு கேட்ட."