மாசிக்குள் பூக்க வேண்டிய செடி

வெள்ளைக்காரத் துரையின் மனைவிக்குக் குடை பிடித்தபடியே, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி மணியம் எனக்குக் கெடு வைத்தார். மாசி முடிவதற்குள் அந்தச் செடி பூக்காவிட்டால் நான் வெட்டுக்காட்டுக்குப் போய் ரப்பர் பால்மரம் வெட்ட வேண்டும். என் மனைவி செல்லம் களை எடுக்கப் போக வேண்டும். அவளுக்கு ஏழு மாதம். எனக்குப் பங்களாத் தோட்டத்தில் வேலை இருந்ததால்தான் அவள் சமையல்கட்டு நிழலில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

துரைசாணியின் ஊரிலிருந்து கப்பலேறி, எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துப் பெக்கோக் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்த செடி அது. அங்கே குளிர் விடுவதற்கு முன்பே, இலைகூட இல்லாமல், குச்சியெல்லாம் மஞ்சளாகப் பூக்குமாம். இங்கே இரண்டு வருஷமாக வெறும் இலை. சாணி போட்டேன், மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினேன், மழையில் வேர் அழுகாமல் வாய்க்கால் வெட்டினேன். குளிரில் பிறந்ததை வெயிலில் நட்டுவிட்டு என்னைக் கேட்டால்? அதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

யோசனை செல்லத்துடையது. பூக்காத மரத்துக்கு ஊரில் செய்வதுதான். தேய்ந்த விளக்குமாறும் பிய்ந்த செருப்பும் கட்டினால் ரோஷம் வந்து பூத்துவிடும். விளக்குமாறு இருந்தது. செருப்புக்கு எங்கே போவது? கூலிகள் குடியிருக்கும் லயத்தில் நூற்றிருபது பேர், ஒருவர் காலிலும் செருப்பு கிடையாது. பங்களாக் குப்பையில் வார் அறுந்த வெள்ளைச் செருப்பு ஒன்று கிடந்தது. அதைக் கட்டினோம்.

"தொரசாணி செருப்பால அடிச்சும் ரோஷம் வரலேன்னா அது செடியே இல்லீங்க," என்று செல்லம் சிரித்தாள்.

மறுநாள் துரைசாணி தன் செருப்பு செடியில் விளக்குமாற்றோடு தொங்குவதைப் பார்த்தாள். முகம் சிவந்து, கிராணியிடம் இங்கிலீஷில் என்னவோ கேட்டாள். அவர் செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தெரியாது என்று தலையாட்டினார். போன வருஷம் அவர் வீட்டு முருங்கையில் விளக்குமாறு தொங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

அவள் உள்ளே போனதும் கிராணியைக் கேட்டேன். "எதுக்குக் கட்டுவோம்னு ஒங்களுக்குத் தெரியும்லங்கய்யா. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா என்னையும் ஒன்ன மாதிரின்னு நெனச்சிருவாங்க காளியப்பா. பங்களா வேல போச்சு. நாளைக்குப் பேர் கூப்புடுற பெரட்டுக்கு வந்துரு. ரெண்டு பேரும்."

இடுப்பில் கிளை வெட்டும் கத்தி இருந்தது. கையை அதன் பக்கம் போக விடாமல் இருக்க, மண்ணை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

விடியற்காலையில் லயத்து ஆட்கள் எல்லோரும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்றோம். கிராணி பேர் வாசித்தார். என் பேருக்குக் குரல் கொடுத்தேன்.

"செல்லம்."

களைக்கொட்டோடு, வயிற்றை முன்னே தள்ளிக்கொண்டு, அவருக்கு இரண்டடி முன்னால் நின்றாள். வாய் திறக்காமல் அவர் முகத்தையே பார்த்தாள்.

"செல்லம்."

அவர் நோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூன்றாவது முறை கூப்பிட்டபோது அவர் குரல் கம்மியது. அவள் வந்திருக்கிறாள் என்று வரிசையில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.