எத்தனை வருஷமா பிபி?

நந்தகோபாலுக்கு சூப்பர்வைசர் வேலை கிடைத்தபோது சந்திரா தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தாள். ராணிப்பேட்டைத் தோல் கம்பெனியில் கூலியாகச் சேர்ந்தவன் அவன். சம்பளம் உயர்ந்ததால் இஎஸ்ஐ வைத்தியம் இனிக் கிடையாது என்பது சில மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

"அதுக்கு இன்னாக்கா? நம்மகிட்டயே பாலிசி இருக்கு" என்று வந்தான் அவள் தம்பி கோபிநாத். ஆம்பூரில் செல்போன் கடை வைத்திருந்தவன், இன்சூரன்ஸ் ஏஜென்டாகவும் ஆகியிருந்தான். அவன் அடுக்கிய வார்த்தைகளில் 'கேஷ்லெஸ்' மட்டும் அவளுக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கையிலிருந்து காசு கட்ட வேண்டாம், இன்சூரன்ஸ்காரர்களே கட்டிவிடுவார்கள்.

பழைய வியாதி உண்டா என்ற கேள்வி வந்தபோது, "மாமா பிபிக்கு மாத்திரை போடறாரே" என்றாள்.

"அத எழுதினா பிரீமியம் ஜாஸ்தி ஆவும்க்கா. செக்கப்பு அது இதுன்னு பேஜாரு. பிபி யாருக்குத்தான் இல்ல?" கோபிநாத் போனிலிருந்து தலை நிமிராமலே 'இல்லை' என்பதைத் தொட்டான். நந்தகோபால் டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

மறு வருஷம் ஒருநாள், ஷிப்டு முடிந்து கிளம்பிய நந்தகோபால் மார்பைப் பிடித்துக்கொண்டு கம்பெனி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"எத்தனை வருஷமா பிபி?" என்று கேட்டாள் டியூட்டி டாக்டர்.

"எட்டு வருஷம் இருக்கும் டாக்டர். ஒருநாள்கூட மாத்திரை தவற விட்டதில்ல." அந்தப் பதற்றத்திலும் அதைச் சொல்ல சந்திராவுக்குச் சற்றுப் பெருமையாக இருந்தது.

ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். இன்சூரன்ஸ் கவுன்டரில் இருந்த பெண்தான் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"கிளெய்ம் தர மாட்டேன்னுட்டாங்கம்மா. எட்டு வருஷமா பிபின்னு டாக்டர் கேஸ் ஷீட்ல எழுதியிருக்காங்க. பிரீ எக்ஸிஸ்டிங் டிசீஸ். பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடியே இருந்த வியாதி. உங்க பாலிசியில அதுக்கு மூணு வருஷம் வெயிட்டிங் பீரியட். அது முடியற வரைக்கும் அந்த வியாதியால வர்ற செலவுக்குப் பணம் கிடையாது."

"மூணு வருஷம் கழிச்சு வந்திருந்தா கிடைச்சிருக்குமா?"

"முன்னாடியே சொல்லியிருந்தா கிடைக்கும். நீங்க இல்லன்னு மறைச்சிருக்கீங்களே."

"மறைக்கலம்மா. சொன்னேன்."

"யாருகிட்ட சொன்னீங்க?"

சந்திரா வாயைத் திறந்தாள். தம்பி பெயர் வரவில்லை.

வெளியே வந்து அவனுக்குப் போன் போட்டாள். "எட்டு வருஷம்னு டாக்டர்கிட்ட யாரு உன்ன சொல்லச் சொன்னது? இப்பத்தான் வந்துச்சின்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்" என்று அவன் கத்தினான். "போய் மாத்தி எழுதித் தரச் சொல்லு."

போய்க் கேட்டாள். "நீங்க சொன்னத வெச்சுத்தான் வைத்தியமே பண்ணோம். அத எப்படிம்மா மாத்தறது?" என்றாள் டாக்டர். அவள்மேல் கோபப்படவும் சந்திராவுக்கு வழியில்லை.

பள்ளிகொண்டாவில் வீடு கட்ட வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றார்கள். வீட்டுக்கு வந்த நந்தகோபால், "கொஞ்சம் வாய மூடிக்கினு இருந்திருக்கலாம் நீ" என்றான். மனை போனதற்கு அழாதவள் அதற்கு அழுதாள்.

மழைக்காலத்தில் கோபிநாத் மறுபடி அந்தத் தெருவுக்கு வந்தான். அக்கா வீட்டுக்கு அல்ல, பக்கத்து வீட்டு பில்கிஸுக்குப் பாலிசி போட. குரல் கேட்டு சந்திரா பில்கிஸ் வீட்டுக்குள் போனாள்.

"பில்கிஸ், உனக்கு சுகர் இருக்கறத சொன்னியா?"

"அதெல்லாம் வேணாம்னாருக்கா உங்க தம்பி."

"எழுதச் சொல்லு. காசு ஜாஸ்தி ஆனாலும் ஆவட்டும். எழுதலன்னா நீ கட்டறது பூரா இவன் கமிஷனுக்குத்தான்."

கோபிநாத்தின் முகம் கறுத்தது. "கூடப் பொறந்தவன் பொழப்புலயே மண்ணப் போடறியேக்கா" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பயந்துபோன பில்கிஸ் எந்தப் பாலிசியும் எடுக்கவில்லை. சந்திரா அதை நினைத்துச் சொல்லவில்லை.

அந்தப் பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வரவில்லை.

"தம்பியையும் பகைச்சிக்கினியா?" என்றான் நந்தகோபால்.

"ஆமா" என்றாள் சந்திரா.