ஆளுக்கு ரெண்டு மாத்திரை

காலைச் சங்கு ஊதி ஓய்வதற்குள் நீலாவதியின் முன்னால் யாராவது ஒருத்தி விரலை நீட்டிக்கொண்டு நிற்பாள். விருத்தாசலத்தில் ரயிலடியைத் தாண்டி இருந்த அந்தப் பீங்கான் பட்டறையில் இது தினமும் நடப்பதுதான். சூளையில் வெந்த உடைசல் இருக்கிறதே, கத்தி தோற்றுவிடும். கோப்பைகளுக்குக் கைப்பிடிக் காது ஒட்டும் பெண்களில் கை கிழிபடாதவள் என்று ஒருத்தியைக் காட்ட முடியாது.

நீலாவதி சாப்பாட்டுக் கூடையிலிருந்து பவுடர் டப்பாவை எடுப்பாள். உள்ளே பவுடர் இல்லை. சிவப்பும் மஞ்சளுமாகக் கூடு போட்ட மாத்திரைகள். ஒன்றைப் பிரித்துப் பொடியைக் காயத்தின்மேல் தூவுவாள். இரண்டை உள்ளங்கையில் வைப்பாள்.

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. வலி நின்னா போதும், மேல முழுங்காத. மிச்சமானா கொண்டாந்து குடுத்துடு. அடுத்தவளுக்கு ஆவும்."

இந்த வைத்தியம் பிறந்த கதை சின்னதுதான். முன்பு ஒருமுறை அவள் காலில் கட்டி வந்தபோது டாக்டர் அம்புஜவல்லி தன் ஆஸ்பத்திரியில் ஒரு பொட்டலம் மாத்திரை கொடுத்தார். இரண்டே நாளில் வலி போய்விட்டது. மீதியைக் குப்பையில் போட நீலாவதிக்கு மனசு வருமா? அன்றைக்கு ஆரம்பித்தது தருமம். டப்பா காலியானால் கடைத்தெருவில் சில்லறையாக வாங்கிக்கொள்வாள். மருந்துச் சீட்டு எங்கே என்று அந்த நாளில் யார் கேட்டார்கள்! பட்டறைப் பெண்கள் அவளை டாக்டரக்கா என்றே கூப்பிட்டார்கள். கூப்பிடும்போதெல்லாம் அவள் கழுத்து ஒரு அங்குலம் நீளும். மேஸ்திரி கலியமூர்த்திக்கு அதைவிடச் சந்தோஷம். கை வலி என்று ஒருத்தியும் லீவு கேட்பதில்லையே.

காது ஒட்டுகிறவர்கள் உட்காரும் வரிசையின் நடுவில் ஒரு பெரிய சட்டித் தண்ணீர் இருக்கும். ஒட்டிய காதை ஈரப்பஞ்சால் துடைத்து வழவழப்பாக்கினால்தான் சூளையில் விரிசல் விடாது. ஆகவே வரிசை மொத்தமும் அந்தச் சட்டியில்தான் கை நனைக்கும். புண்பட்ட கையும் அதில்தான். சாயங்காலம் பார்த்தால் தண்ணீர் மோர் மாதிரி இருக்கும். தண்ணீரை மாற்றிக்கொண்டு நின்றால் வேலை கெடும் என்பது மேஸ்திரியின் சட்டம்.

எழுபத்திரண்டாம் வருஷம் மாசி மாதம். டீக்கடைக் கோப்பைகளுக்குப் பெரிய ஆர்டர். அந்த அவசரத்தில் கனகாவின் வலது உள்ளங்கையில் ஓர் உடைசல் ஆழமாக இறங்கிவிட்டது. கனகா நீலாவதியின் நாத்தனார். புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டோடு வந்து, இரண்டு பெண் குழந்தைகளைத் தன் கையால் சம்பாதித்துக் காப்பாற்றுகிறவள். அவள் வேகத்துக்குக் காது ஒட்ட அந்த வட்டாரத்தில் ஆளில்லை. அந்தக் கைதான் அவள் நிலம், அவள் நகை, அவள் எல்லாமும்.

"இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு நிக்கிற? நான் இல்ல?" என்று நீலாவதி பொடி தூவினாள், மாத்திரை கொடுத்தாள், துணி சுற்றினாள். கனகா மறுபடி சட்டியில் கை நனைத்து வேலைக்கு உட்கார்ந்தாள்.

இந்தத் தடவை மாத்திரை பேசவில்லை. மறுநாள் கை வீங்கியது. நீலாவதி இன்னும் இரண்டு கொடுத்தாள். சீழ் கட்டியது. இன்னும் இரண்டு. முழங்கைவரை சிவந்து, காய்ச்சலில் கனகா பிதற்ற ஆரம்பித்தபோதுதான் நீலாவதிக்கு விஷயம் கைமீறியது புரிந்தது. "பழமலைநாதா, பழி போட்டுடாத!" என்று கும்பிட்டபடி வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

அங்கேயும் அவள் மிடுக்கு குறையவில்லை. "மாத்திரையெல்லாம் நான் போட்டாச்சுங்க டாக்டரம்மா. நீங்க ஊசி மட்டும் போடுங்க, போதும்."

அம்புஜவல்லி கட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டார். "என்ன மாத்திரை போட்டீங்க?"

நீலாவதி பெருமையோடு டப்பாவைத் திறந்து காட்டினாள். எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறாள், எப்படிக் கொடுப்பாள் என்பதையும் சொன்னாள். டாக்டரின் முகம் மாறிவிட்டது. சீழைக் கீறி வடித்தார். கொஞ்சத்தைப் பஞ்சில் தொட்டுக் குழாயில் அடைத்துப் பரிசோதனைக்குப் புதுச்சேரிக்கு அனுப்பினார். கையோடு ஊசியும் போட்டார். அதற்கும் வீக்கம் மசியவில்லை.

"விரல் கறுத்துக்கிட்டே வருது. மருந்து கேக்கலன்னா ரெண்டு விரலை எடுக்கவேண்டி வரும். அதுக்கு மேலயும் ஏறினா என்னன்னு இப்ப சொல்ல முடியாது" என்றார்.

நீலாவதி வெளியே வந்தாள். கனகாவின் பிள்ளைகள் வாசலில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. அத்தை இருக்கும்போது அம்மாவுக்கு என்ன வரும் என்கிற நம்பிக்கை அவற்றுக்கு. அந்தப் பார்வையை அவளால் தாங்கவே முடியவில்லை.

புதுச்சேரியிலிருந்து பதில் வந்ததும் டாக்டர் அவளைக் கூப்பிட்டார். "உங்க மாத்திரையும் கேக்காது, நான் போட்ட ஊசியும் கேக்காது. இந்தக் கிருமி ரெண்டுக்கும் பழகிடுச்சு. வேற ஒரு மருந்து கேக்கும். அதை வெளியூர்லேர்ந்துதான் வாங்கிட்டு வரணும்."

"எத்தனையோ பேருக்கு என் மாத்திரையில சரியாச்சுங்களே!"

"வலி நின்னுது. கிருமி முழுசா சாகல. ரெண்டு மாத்திரைக்குச் சோதாக் கிருமியெல்லாம் செத்துடும். பலசாலி பொழைச்சுக்கும், அதுதான் அப்புறம் பெருகும். அந்தப் புண்ணோட கையை எங்க கழுவுறீங்க?"

நீலாவதி வாயைத் திறந்தாள். சட்டி கண்ணுக்கு முன்னால் வந்தது. "எல்லாரும் ஒரே சட்டியிலங்க..." என்றாள்.

"அதுல இறங்கி அடுத்தவ கைக்குப் போச்சு. அவளுக்கும் நீங்க ரெண்டே மாத்திரை குடுத்தீங்க. இப்படிக் கை மாறிக் கை மாறி, இந்த மருந்துக்கெல்லாம் அசையாத ஒண்ணைத் தயார் பண்ணிட்டீங்க. உங்களை மட்டும் சொல்லல. ஏன் முழுசா சாப்பிடணும்னு அன்னிக்கே நானும் விளக்கிச் சொல்லல."

நீலாவதி குலுங்கி அழுதாள். நல்ல எண்ணத்தில் செய்தவளுக்குத்தான் அது தப்பு என்று தெரியும்போது வலி அதிகம்.

நீலாவதியின் புருஷன் நல்லமுத்து பஸ் ஏறிப் போய் மருந்தோடு வந்தான். புது ஊசி கேட்டது. காய்ச்சல் இறங்கியது, சிவப்பு பின்வாங்கியது, கறுத்த விரலில் மெல்ல உயிர்ச்சூடு வந்தது. விரல்கள் தப்பிவிட்டன என்று டாக்டர் சொன்னபோது நீலாவதி அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஆனா பாதி ஊசிதான் ஆயிருக்கு. இப்ப நிறுத்தினா பழைய கதைதான்" என்று டாக்டர் எச்சரித்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானமே மேஸ்திரி கலியமூர்த்தி வந்து நின்றார். கூடவே வரிசைக்காரி ஆராயி, வீங்கிய கட்டைவிரலோடு.

"கனகா தெளிஞ்சிட்டாப்பலதான இருக்குது. நாளைக்கு அனுப்பி வைம்மா. ஆர்டர் அப்படியே கெடக்குது" என்றார் மேஸ்திரி.

கனகா எழுந்து உட்கார்ந்தாள். "வரேன் மேஸ்திரி. வலிதான் நின்னுபோச்சே. அண்ணி, மிச்ச ஊசி மருந்த ஆராயிக்காவுக்குப் போடச் சொல்லுங்க. பாவம், அவங்களுக்கு ஆவும்."

நீலாவதிக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. தன் வாய் வார்த்தை இன்னொருத்தி வாயிலிருந்து வருகிறது, அதுவும் அதே பாசத்தோடு. ஒரு கணம்தான். அப்புறம் பழைய மிடுக்கு முழுசாகத் திரும்பியது. இந்தத் தடவை சரியான இடத்தில்.

"படுடீ!" என்று ஒரு அதட்டல் போட்டாள். கனகா சட்டென்று படுத்துக்கொண்டாள்.

"மேஸ்திரி, கடைசி ஊசி போடுற வரைக்கும் இவ வரமாட்டா. வரும்போது வரிசையில ஆளுக்கொரு சட்டி இருக்கணும், வேளைக்கு வேளை தண்ணி மாத்தணும், கை கழுவ சோப்பு வெக்கணும். ஊருக்கெல்லாம் சட்டியும் கோப்பையும் செஞ்சு அனுப்புறோம், நமக்கு ஆளுக்கொண்ணு இல்லேன்னா வெளிய சொன்னா சிரிப்பாங்க. முடியாதுன்னா சொல்லுங்க, நாளைக்கு ஒருத்தியும் காது ஒட்டமாட்டா."

மேஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்து, "சரிம்மா, வெச்சிடலாம்" என்றார்.

ஆராயி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்ப எனக்கு? ரெண்டே ரெண்டு மாத்திரை குடு நீலாக்கா. ஒன் கைராசி..."

"டாக்டரம்மா உள்ள இருக்காங்க, போயிக் காட்டு. உனக்கு என்னா வேணுமோ அவங்க குடுப்பாங்க. குடுத்தத நீதான் முழுங்கணும், முழுசா முழுங்கணும். வலி நின்னாலும் முழுங்கணும். கைராசியாம் கைராசி! பாதி மருந்து குடுத்து நோய வளத்தவ நானு, ஆராயி. இந்தப் புள்ளையோட கை போயிருந்தா, வெட்டுனது உடைசல் இல்ல, நாந்தான்."