கேட்காமல் போட்ட படம்

கொடைரோடு ரயில் நிலையத்துக்கு எதிரே மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாப்பா தூங்குகிற நேரம் பார்த்து, அவளைக் கணவன் ஜெரோமிடம் விட்டுவிட்டு, சுகன்யா அங்கே போய் ஆர்குட்டைத் திறப்பாள். பிளைவுட் தடுப்பு, அழுக்கேறிய திரை, எழுத்தழிந்த கீபோர்டு. கல்லூரித் தோழிகளில் யாருக்குக் கல்யாணம், யாருக்கு வேலை என்று பார்ப்பாள். நாலு வரி எழுதுவாள். இறங்கி வந்துவிடுவாள். 2008ஆம் வருடம் அவளுக்கு வெளியுலகம் என்று இருந்தது அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு, பெங்களூரில் வேலை பார்க்கும் தோழி அறிவுச்செல்வியின் பக்கத்தைத் திறந்தவள் அங்கே தன் மகளைப் பார்த்தாள்.

ஜெசிந்தாவின் முதல் பிறந்தநாள் படம். ரோஸ் கவுன் போட்டு ஜெரோமின் கடை மேசைமேல் உட்கார்ந்திருக்கிறாள், கன்னத்தில் கேக் கிரீம். விழாமல் இருக்க சுகன்யா பின்னாலிருந்து பிடித்திருக்கிறாள். தலைக்கு மேலே கடைப் பலகை பளிச்சென்று தெரிகிறது: ஜெசிந்தா செல் சர்வீஸ், கொடைரோடு. அதற்குக் கீழே போன் நம்பர். சுகன்யா அதைத் தன் ஆல்பத்தில் போட்டிருந்தாள். நெருங்கிய தோழிகள் பத்துப் பேருக்கு மட்டும் தெரிகிற மாதிரி பூட்டிய ஆல்பம் அது. அறிவுச்செல்வி அதிலிருந்து எடுத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கிற தன் ஆல்பத்தில் போட்டு, 'என் சுகன்யா, ஜெரோம் பெத்த தங்கம்' என்று ஆங்கில எழுத்தில் எழுதியும் வைத்திருந்தாள்.

கீழே வரிசையாக ஆட்கள் கொஞ்சியிருந்தார்கள். கடைசியில் விக்னேஷ்குமார் என்று ஒரு பெயர். கல்லூரியில் இவளுக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவன், பாலசமுத்திரத்துக்காரன். 'அட, எங்க ஊர் சுகன்யா அக்காவா? கொடைரோட்லதான் இருக்காங்களா!' என்று எழுதியிருந்தான். எழுதி ஒரு வாரம் ஆகியிருந்தது.

சுகன்யாவும் பழனி பக்கத்திலிருக்கும் அந்தப் பாலசமுத்திரம்தான். அப்பா சுருளிவேலுக்குத் தென்னந்தோப்பு, கொஞ்சம் மக்காச்சோளக் காடு. திண்டுக்கல்லில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது கல்லூரி லேபில் கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்தவன் ஜெரோம். வேறு சாதி, வேறு மதம். விஷயம் தெரிந்து வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததும் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். போலீஸ் ஸ்டேஷனில் வைத்து, எனக்கும் இவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் சுருளிவேல். வெளியே வரும்போது அண்ணன் பொன்னழகு அவள் பக்கத்தில் வந்து, "இனி எங்கண்ணுல பட்டறாத" என்று மட்டும் சொன்னான்.

பெரியப்பா மகன்கள் அதோடு விடவில்லை. திண்டுக்கல்லில் ஜெரோமின் அப்பா அம்மா இருந்த வீட்டுக்கு ஆள் கட்டிக்கொண்டு வந்து, டிவியைத் தூக்கித் தெருவில் போட்டு உடைத்தார்கள். மாமியாரின் கையில் தையல் போட வேண்டியிருந்தது. அதன்பிறகுதான், கோயமுத்தூருக்குப் போய்விட்டார்கள் என்று ஊரில் பேச விட்டுவிட்டு, இருவரும் கொடைரோட்டில் ஒதுங்கினார்கள்.

சுகன்யா பக்கத்தை மூடினாள். பிறகு கீழே இறங்கிப் போய் ஜெரோமின் செல்போனை வாங்கி பெங்களூருக்குப் போட்டாள்.

"பாத்துட்டியா?" என்றாள் அறிவுச்செல்வி, எடுத்த எடுப்பில். "எம்புட்டு பேர் எழுதியிருக்காங்கன்னு பாத்தியா? எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டிட்டேன்."

"அத எடுத்துரு, அறிவு. இப்பவே எடு."

"ஏன்டி?"

"பின்னாடி கடை போர்டு தெரியுது. போன் நம்பர் தெரியுது. எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் பாத்து எழுதியிருக்கான்."

"நான் போர்டெல்லாம் பாக்கலடி. பாப்பா மூஞ்சியத்தான் பாத்தேன். அழகா இருந்துச்சு, போட்டேன். நீயே உன் ஆல்பத்துல போட்டதுதான?"

"உங்களுக்குன்னு போட்டேன். ஊருக்குன்னு போடல."

"நான் என்ன ஊரா?" அறிவுச்செல்வியின் குரல் மாறிவிட்டது. "உன் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவ நான். எங்க அம்மா பட்டுச்சேலையத் திருட்டுத்தனமா எடுத்துட்டு வந்து உனக்குக் கட்டிவிட்டவ நான். உன் புள்ள படத்த நான் போடக் கூடாதா?"

அறிவுச்செல்வி சொன்னது எல்லாமே உண்மை. அந்தக் கையெழுத்துக்காக அவள் வீட்டில் அடி வாங்கியதும் சுகன்யாவுக்குத் தெரியும். அவளுக்குப் பட்ட கடன் தீராது என்று ஜெரோமிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

"போடலாம்டி. கேட்டுட்டுப் போட்டிருக்கலாம்" என்றாள்.

"கேக்கணும்னு தோணல. நமக்குள்ள என்னைக்குக் கேட்டிருக்கோம்?"

படத்தை அன்று சாயங்காலமே எடுத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு சுகன்யா போய்ப் பார்த்தபோது அறிவுச்செல்வியின் பக்கத்தில், 'பாசத்துக்குக்கூட பர்மிஷன் கேக்கணுமாம்' என்று ஒரு வரி இருந்தது. அதன் கீழும் பலர் ஆறுதல் எழுதியிருந்தார்கள். சுகன்யா படித்துவிட்டு இறங்கி வந்தாள்.

ஜெரோம் ஏணி போட்டு ஏறி, பலகையில் இருந்த போன் நம்பர்மேல் வெள்ளை பெயிண்ட் அடித்தான். "ஒரு வாரம்தான இருந்துச்சு. யாரு பாத்திருக்கப் போறா?" என்றான். ஆனால் கடையைச் சாத்துகிற நேரத்தை முன்னால் கொண்டுவந்துவிட்டான். தெருவில் தெரியாத பைக் நின்றால் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தான். கடைக்கு இரண்டு முறை போன் வந்து, எடுத்ததும் வைத்துவிட்டார்கள். ராங் நம்பராகவும் இருக்கலாம்.

மாதம் ஒன்று போனது. பயம் கொஞ்சம் தணிந்திருந்த ஒரு மத்தியானம், ஸ்பேர் வாங்க ஜெரோம் திண்டுக்கல் போயிருந்தான். சுகன்யா கடையில் இருந்தாள். பாப்பா மேசைக்கு அடியில் பழைய சார்ஜர் வயர்களை இழுத்துப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தது. வாசலில் நிழல் தட்டியதும் நிமிர்ந்து பார்த்தாள். பொன்னழகு.

தனியாகத்தான் வந்திருந்தான். முன்னைவிடக் கறுத்து, முன்மண்டையில் முடி கொட்டியிருந்தது. சுகன்யா முதலில் செய்தது குனிந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டதுதான். பின்பக்கம் ஒரு கதவு இருந்தது. அது தாழ் போட்டிருக்கிறதா என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

"பயப்படாத" என்றான். "நான் மட்டுந்தான் வந்துருக்கறேன்."

"வாங்கண்ணா" என்று வாய் தானாகச் சொன்னது.

அவன் படியேறவில்லை. வெயிலிலேயே நின்று சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தான். அதே படம். கலர் பிரிண்ட் போட்டு, மடிப்பில் மை உதிர்ந்திருந்தது.

"விக்னேஷ் எடுத்துட்டு வந்து குடுத்தான். நல்லது பண்றதா நெனச்சுக் குடுத்தான் போல. அம்மா பாத்துருச்சு. போய்க் கொழந்தய நேர்ல பாத்துட்டு வாடான்னு ஒரே அழுகை. அப்பனுக்குத் தெரியாது."

பாப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணு சொல்றதுக்குத்தான் வந்தேன்" என்றான் பொன்னழகு. "அந்தப் பையன் எனக்கு மட்டும் குடுக்கல. பெரியப்பன் பசங்க கையிலயும் இந்தப் படம் இருக்குது. கோயமுத்தூருன்னு நெனச்சுட்டு இருந்தவரைக்கும் அவனுங்களுக்கு உங்க நெனப்பே இல்ல. இப்பத் தண்ணியப் போட்டா இதே பேச்சு. வருவானுங்களோ மாட்டானுங்களோ, எனக்குத் தெரியாது. நீங்க எடத்த மாத்திக்கறது நல்லது. எங்க போறீங்கன்னு எங்கிட்டயும் சொல்ல வேண்டாம்."

"உள்ள வந்து உக்காருங்கண்ணா. தண்ணி குடிச்சுட்டுப் போங்க."

"இல்ல, பழனி வண்டியப் புடிக்கணும்." திரும்பப் போனவன் நின்றான். கையை நீட்டிப் பாப்பாவின் காலை ஒருமுறை தொட்டான். "மாமன்டா" என்றான். பாப்பா காலை இழுத்துக்கொண்டது. அவன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கமாக நடந்துவிட்டான்.

ஜெரோம் வந்ததும் சொன்னாள். அவன் பையை இறக்கி வைத்துவிட்டுக் கடையைச் சுற்றி ஒருமுறை பார்த்தான். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த கருவிகள், கண்ணாடி அலமாரி, அவனே வெட்டிப் பொருத்திய மேசை. "செத்த நேரம் இரு" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றான். திரும்ப வந்தபோது, தன்னுடன் வேலை பார்த்த பழைய சிநேகிதன் ஒருவன் நத்தத்தில் இருக்கிறான், அவன் கடையில் சம்பளத்துக்குச் சேர்ந்துகொள்ளலாம் என்றான். சொந்தக் கடையை விட்டுவிட்டுச் சம்பளத்துக்குப் போவதைப் பற்றி அவன் அன்றும் புலம்பவில்லை, பிறகும் புலம்பவில்லை. பலகையை மட்டும் யாருக்கும் விற்காமல், இரண்டாக அறுத்து விறகுக்குக் கொடுத்துவிட்டான்.

நத்தத்தில் குர்ஷித் பேகம் என்ற அம்மாவின் வீட்டு மாடியில் குடியேறினார்கள். பெரியப்பா மகன்கள் கொடைரோட்டுக்கு வந்தார்களா என்று இவர்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஆனி மாதம் யாரோ நாலைந்து பேர் காரில் வந்து செல் கடையை விசாரித்ததாகப் பக்கத்து டீக்கடைக்காரர் ஜெரோமிடம் போனில் சொன்னார். செல் ரிப்பேருக்கு வந்தவர்களாகவும் இருக்கலாம்.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் லீவுக்கு, முதல் நாளே ஜெரோமுக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டு அறிவுச்செல்வி வந்தாள். நத்தம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஜெரோமைக் கூப்பிட்டு வழி கேட்டுக்கொண்டு, பெங்களூர் ஸ்வீட் டப்பாவோடு மாடிப்படி ஏறி வந்து நின்றாள். சுகன்யா வா என்று கூப்பிட்டு உட்கார வைத்து, சோறு போட்டாள். கத்திரிக்காய் வெஞ்சனம் அறிவுச்செல்விக்குப் பிடிக்கும் என்று ஞாபகம் வைத்துச் செய்திருந்தாள். சாப்பிட்டு முடிக்கிறவரை இருவரும் மற்றவர்களைப் பற்றியே பேசினார்கள்.

கை கழுவிவிட்டு வந்து அறிவுச்செல்வி, "ஜெரோம் அண்ணன் எல்லாம் சொன்னாரு" என்றாள். "கடை போனது எனக்குத் தெரியாதுடி. தெரிஞ்சிருந்தா அப்பவே வந்திருப்பேன்."

"ம்."

"ஆனா ஒண்ணு. கோவிச்சுக்காத. அதனாலதான உங்க அம்மா பேத்தியப் பாத்தாங்க? உங்க அண்ணன் வந்தாரு. நல்லதும்தான் நடந்திருக்கு."

சுகன்யா பாப்பாவுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். பிசைவதை நிறுத்தவில்லை.

"அம்மாவுக்கு அனுப்பணும்னு நானும்தான் ஒரு படத்துக்காகக் காத்திருந்தேன். எதை அனுப்பலாம், யார் மூலமா அனுப்பலாம்னு ஒரு வருசமா யோசிச்சேன். அது நான் செய்ய வேண்டிய வேலைடி. நல்லதா முடிஞ்சாலும் கெட்டதா முடிஞ்சாலும் நான் செய்ய வேண்டியது. நீ அத எங்கிட்ட இருந்து எடுத்துட்ட."

அறிவுச்செல்வி ஸ்வீட் டப்பாவின் மூடியைத் திறந்து மூடினாள். அவளுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. அப்புறம், "பாசத்துக்குப் பர்மிஷன்னு எழுதினேன் பாரு, அத எழுதியிருக்கக் கூடாது" என்றாள்.

"அதயும்தான்" என்றாள் சுகன்யா.

சாயங்காலம் கிளம்புகிறபோது அறிவுச்செல்வி கேமரா போனை வெளியே எடுத்தாள். கையில் வைத்தபடியே, "பாப்பாவ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். சுகன்யா தலையசைத்தாள். நாலு படம் எடுத்து, ஒவ்வொன்றாக அவளிடம் காட்டினாள். ஒன்றில் ஜன்னல் வழியாகப் பள்ளிவாசல் தெரிந்தது, அதை அழிக்கச் சொன்னாள். ஒன்றில் பாப்பா ஜட்டி இல்லாமல் நின்றது, அதையும். மீதி இரண்டை, "உன் போன்லயே வச்சுக்க" என்றாள். அறிவுச்செல்வி சரி என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பஸ் ஏற்றிவிட ஜெரோம் போனான். சுகன்யா மாடியிலிருந்து கையாட்டினாள்.

அதன்பிறகு அவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், பண்டிகைக்கும் பிறந்தநாளுக்கும். முன்பு போல வாரம் தவறாமல் என்பது நின்றுவிட்டது. அது எந்த மாதத்தில் நின்றது என்று கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியாது. அறிவுச்செல்வியின் கல்யாணத்துக்கு சுகன்யா போனாள். அங்கே போட்டோக்காரர் இவர்கள் குடும்பத்தை மேடைக்குக் கூப்பிட்டபோது ஜெரோமையும் பாப்பாவையும் போகச் சொல்லிவிட்டுத் தான் பந்திப் பக்கம் ஒதுங்கிக்கொண்டாள்.

அறிவுச்செல்வி வந்துபோன கிறிஸ்துமஸுக்கு அடுத்த பொங்கலுக்கு முன்னால், வெள்ளைச் சுவர் ஓரமாகப் பாப்பாவை நிறுத்தி ஜெரோம் ஒரு படம் எடுத்தான். அதைப் பொன்னழகின் செல்லுக்கு அனுப்பினாள் சுகன்யா. அண்ணனின் நம்பர் அவளுக்கு எப்போதும் மனப்பாடம்தான், அழைத்ததில்லை. அனுப்பிவிட்டு அன்று முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். பதில் இல்லை.

மறுநாள் காலையில் அதே நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அம்மா ராமுத்தாயின் குரல், பின்னால் கோழிச் சத்தம். தோப்புக்குப் போய் நின்று பேசுகிறாள் போல.

"கண்ணு."

"அம்மா."

"படம் பாத்தேன். பொன்னழகு பெருசு பண்ணிக் காட்டுனான்." அம்மா வேகமாகப் பேச ஆரம்பித்தாள். "ஏங்கண்ணு, காது குத்தலையா இன்னும்? ஒன்றரை வயசுக்கு மேல ஆச்சு. முடிய இப்புடிக் கண்ணு மேல விழுக விட்டுருக்கற. ஒரு மொட்டையாவது அடிச்சிருக்கலாமில்ல?"

"அவங்க வீட்ல அந்தப் பழக்கம் இல்லம்மா."

"நம்ம வீட்ல இருக்குதில்ல?" என்றாள் ராமுத்தாய்.

சுகன்யா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். காது குத்தலாம்தான் என்றும், மொட்டையைப் பற்றி ஜெரோமிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றும் சொன்னாள். கேளு, ஆனா வெயில் வர்றதுக்கு முன்னால கேளு என்றாள் அம்மா.