மரையின் சாய்வு

செல்லச்சாமி ஒரு போல்ட்டைப் படம் வரைய வேண்டுமென்றால் முதலில் அதற்கு நீலம் பூசுவான். வெள்ளை வேட்டிக்குப் போடுகிற நீலம்தான். எண்ணெயில் குழைத்துப் பூசித் தாளில் ஓர் உருட்டு உருட்டினால் போல்ட்டைச் சுற்றி ஓடும் மரை அத்தனையும் கோடு கோடாகப் பதிந்துவிடும். மரை முழுவதையும் யாரும் வரைவதில்லை. பதிந்த கோடுகள் எந்தப் பக்கம் சாய்கின்றனவோ அந்தப் பக்கமே சாய்த்து நாலைந்து கோடு இழுத்தால் தீர்ந்தது வேலை. கமுதியிலிருந்து பாம்பனுக்கு வந்து, இந்த லாஞ்சுப் பட்டறையில் படம் போட உட்கார்ந்த நாளாய் இதுதான் வழக்கம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகக் கண்டுபிடித்தது. அதில் அவனுக்குக் கொஞ்சம் மண்டைக்கனம்கூட உண்டு.

பட்டறையில் இரும்பு கடைகிற லேத்து ஓட்டுகிற சீனி முகம்மது படத்தில் அளவை மட்டும் பார்ப்பார். மரை எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதைப் பழைய சாமானைக் கையிலெடுத்துத் தெரிந்துகொள்வார். அதனால் ஒரு வில்லங்கமும் வந்ததில்லை.

இந்தத் தடவை பாக்கர் ஓட்டுகிற லாஞ்சின் ஷாப்ட்டு வளைந்துவிட்டது. எஞ்சினிலிருந்து தண்ணீருக்குள் போய்ப் புரொப்பல்லரைச் சுற்றும் நீளக் கம்பி அது. சீனி முகம்மதுவின் லேத்துக்கு அந்த நீளம் அடங்காததால் படத்தை மட்டும் மதுரைக்கு அனுப்பினார்கள். புது ஷாப்ட்டும், அதன் முனையில் புரொப்பல்லரைப் பிடித்து நிறுத்தும் நட்டும் பளபளவென்று வந்து சேர்ந்தன. இரண்டும் அவ்வளவு அழகாகப் பொருந்தின. பாக்கரே மாட்டி, இறுகிய பக்கமே முறுக்கினான்.

அன்று வெள்ளிக்கிழமை. ஏர்வாடி தர்காவில் சந்தனக்கூட்டுத் திருவிழாவுக்குப் போகிற சனம் மூட்டை முடிச்சோடு லாஞ்சில் ஏறிக்கொண்டிருந்தது. பாக்கரின் மகள் காலிதா புதுப் பாவாடை கட்டிக்கொண்டு எல்லாருக்கும் முந்தி இடம் பிடித்திருந்தாள். ஜும்ஆ தொழுகை முடிந்து பாக்கர் வர வேண்டியதுதான் பாக்கி.

செல்லச்சாமி பட்டறை வாசலில் கிடந்த பழைய ஷாப்ட்டின்மேல் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தான். பக்கத்தில் ஷாப்ட்டின் முனை மரை. எதிர்ச்சுவரில் அவன் போட்ட படத்தின் நகல். மரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, படம் மறுபக்கம் சாய்ந்திருந்தது.

தூக்குச்சட்டியைக் கீழே வைத்தான். தபாலாபீஸ் முத்திரையில் எழுத்தெல்லாம் திரும்பித்தானே இருக்கும்? உருட்டிப் பதித்த மரையும் இடம் வலம் மாறித்தானே விழும்? இத்தனை வருஷமும் அவன் வரைந்த மரை ஒன்றுகூடச் சரியில்லை. சாதாரண நட்டு வலப்பக்கம் திருகினால் இறுகும். இந்தப் புரொப்பல்லர் நட்டு இடப்பக்கம் திருகி இறுக்குவது. லாஞ்சு ஓட ஓட அது இன்னும் இறுகும். அவன் படத்தைப் பார்த்து மதுரையில் கடைந்ததோ, ஓட ஓடக் கழலும்.

அப்போதே எழுந்து ஓடியிருக்க வேண்டும். பாவி மனிதன் ஓடவில்லை. சந்தனக்கூட்டு நாளில் லாஞ்சை நிறுத்தினால் முதலாளி சும்மா விடுவாரா? மறுபடி கமுதிக்குப் போய் மிளகாய்க் காட்டில் நிற்பதா? நட்டுக்குக் குறுக்கே கம்பிப் பின் ஒன்று சொருகியிருக்கிறது, ஒரு நடைக்குத் தாங்கும். நாளைக்குக் காதும் காதும் வைத்தாற்போல் மாற்றிவிடலாம். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டே சுவரிலிருந்த படத்தைக் கிழியாமல் எடுத்து, மடித்து, இடுப்பில் சொருகிக்கொண்டான்.

எஞ்சின் சத்தம் கேட்டது. அப்புறம்தான் ஓடினான். அவன் கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் லாஞ்சு கூப்பிடு தூரத்தைத் தாண்டிவிட்டது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். காலிதா திரும்பிப் பார்த்து, சிரித்துக்கொண்டே கை ஆட்டினாள்.

பொழுது சாயும்வரை அவன் கரையைவிட்டு நகரவில்லை. கடைசியில் நாலு வள்ளங்கள் சனத்தை ஏற்றிக்கொண்டு வந்தன. லாஞ்சைக் காணோம். பாக்கர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, காலிதாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அவள் வலது கையில் சுற்றியிருந்த துண்டு முழுக்க ரத்தம்.

"மதுரைக்காரன் கவுத்துப்புட்டான் மாப்ள," என்றான் பாக்கர். "குருசடைத் தீவுகிட்ட புரொப்பல்லர் கழண்டு கடல்ல போயிருச்சு. லாஞ்சு பவளப்பாறைப் பார்ல ஏறிப்போச்சு. வள்ளத்துக்கு ஆளை மாத்துறப்ப பிள்ளை கை ரெண்டுக்கும் நடுவுல மாட்டி நசுங்கிருச்சு. இவளை ஆஸ்பத்திரில சேத்துட்டு நாளைக்கே மதுரை போறேன். உன் படத்தைக் குடு. நீ போட்டது என்ன, அவன் கடைஞ்சது என்னன்னு கேக்குறேன்."

அந்த நம்பிக்கையைத்தான் செல்லச்சாமியால் தாங்க முடியவில்லை. இடுப்பிலிருந்து படத்தை எடுத்து நீட்டினான். வேர்வையில் நனைந்திருந்தது.

"அவன் இதுல உள்ளபடிதான் கடைஞ்சிருக்கான் மாமா. படந்தான் தப்பு. நாந்தான் மரையை மாத்திப் போட்டுட்டேன்."

பாக்கர் படத்தை விரித்துப் பார்க்கவில்லை. மடிப்பைப் பார்த்தான்.

"இது சுவத்துலல்ல இருந்துச்சு. எப்பத் தெரியும் உனக்கு?"

"தொழுகை நேரத்துல."

"நான் லாஞ்சு எடுக்குறதுக்கு முந்தியா?"

"ஆமா மாமா," என்றான் செல்லச்சாமி. தோளில் கிடந்த காலிதா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள்.

"வாப்பா, நாம போறப்ப இந்த மாமாதான் நமக்குக் கை காட்டுனாங்க," என்றாள்.