ஃபலெசியின் நான்காவது சாட்சி

"இடுப்பளவு வெட்டினா போதாதா? ஊர்ல எல்லாரும் அவ்வளவுதானே வெட்டுறாங்க," என்று அன்று ஃபலெசி கேட்டாள். அவள் புருஷன் வைசன் வாசலில் உட்கார்ந்து, கல்லறை மண் அப்பிய கால்களை வாளித் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தான்.

"இடுப்பளவு வெட்டினா வாழைக்கன்னு நடலாம். மனுஷியைப் படுக்க வைக்கணும்னா என் தோள் மறையணும்."

"டைசனோட அம்மா எந்திரிச்சு அளந்து பார்க்கப் போறாங்களா?"

"அவங்க பார்க்கமாட்டாங்க. அவங்களைப் படைச்சவர் பார்ப்பார். ஒழுங்கா குடுத்தவருக்கு ஒழுங்கா திருப்பிக் குடுக்க வேணாமா?" சொல்லிவிட்டு அவனே சிரித்தான். "சரி சரி, முதுகைக் கொஞ்சம் தேய்ச்சு விடு. மாதர் சங்கத்துல ஜெபம் பண்ணா மட்டும் பத்தாது, தாயி."

அந்த முதுகில் அவள் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு தேய்த்தும் விட்டாள். அது மழைக்கு முந்தைய வாரம்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானத்தில் முலாஞ்சே மலையின் ஒரு பக்கம் சரிந்து, கீழே இருந்த பதினோரு வீடுகளின் மேல் வந்து படுத்துக்கொண்டது. ஃபலெசி இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மாவரைக்கப் போயிருந்தாள். வைசன் வீட்டில் இருந்தான். பத்துப் பேரின் உடல்களை ஒரு வாரத்தில் எடுத்துவிட்டார்கள். அவனை மட்டும் எடுக்கவில்லை. நாற்பது நாள் ஆகிவிட்டது.

இந்த நாற்பது நாளும் அவள் நிவாரண முகாமாகிவிட்ட பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பறையில் இருக்கிறாள், இருபத்தாறு பேரோடு. ஈரக் கம்பளியின் நாற்றம், புளித்த கஞ்சியின் நாற்றம், காற்று திரும்பும்போதெல்லாம் நிரம்பி வழியும் கக்கூஸின் நாற்றம். ஈக்கள் குழந்தைகளின் கண்ணோரத்திலிருந்து எழுந்து நேராக மாவுச் சட்டிக்குப் போயின. நிவாரணமாக வந்த மாவில் புழு நெளிந்தது. அதைச் சலித்துக் களி கிண்டித் தின்றார்கள். முதல் வாரம் குமட்டியது. பிறகு குமட்டவில்லை என்பதுதான் அவளுக்குக் குமட்டலாக இருந்தது.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட அவளால் விழுங்க முடியாமல் போனது ஒரு வாக்கியம். "கடவுளே அவனைப் புதைச்சுட்டார்."

முதலில் அதைச் சொன்னவர்கள் வைசனின் வீட்டார். அவன் வீட்டோடு வந்த மாப்பிள்ளை. அந்தப் பக்கத்தில் ஆண்கள் மனைவியின் ஊருக்குத்தான் வந்து குடியிருப்பார்கள். செத்தால் பிணத்தின் மேல் முதல் உரிமை அவன் தாய்வீட்டாருக்கு. அவர்கள் லாரியில் வந்து இறங்கி, மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு சேற்றோரம் அரைமணி நேரம் நின்றார்கள். பிறகு அந்த வாக்கியத்தைச் சொன்னார்கள். நிவாரணச் சோப்பில் இரண்டு கட்டியை வாங்கிக்கொண்டு லாரி ஏறினார்கள். அடுத்த ஞாயிறு பாதிரியார் கம்வெண்டோ அதையே பிரசங்கமாக்கினார். மாதர் சங்கத்துப் பெண்கள் அதற்கு மெட்டுப் போட்டார்கள். களி கிண்டும்போதுகூட யாராவது ஒருத்தி அதை முணுமுணுத்தாள்.

குழி வெட்டுகிறவர்களுக்கு ஊரில் 'பேரன்கள்' என்று பெயர், தலை நரைத்தவர்களானாலும். சாவு வீட்டில் கேலி பேசவும் கோழிக்கறி கேட்டு அதட்டவும் உரிமை உள்ளவர்கள். அவர்களை விதவை கூப்பிடக் கூடாது. அவளுடைய தாய்மாமன்தான் அவர்களுடைய தலைவரிடம் சொல்லி அழைப்பிக்க வேண்டும். விதவையே வாய் திறந்தால் புருஷனை மண்ணுக்குள் தள்ள அவசரப்படுகிறாள் என்பார்கள். அவள்தான் ஏதோ செய்துவிட்டாள் என்றும் சொல்வார்கள். அப்படிப் பேச்சு வாங்கிய ஒருத்தி ஊரைவிட்டே போயிருக்கிறாள். அதனால் ஃபலெசி மாமா லெஃபானியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நாற்பது நாள் காத்திருந்தாள். பேரன்களுக்குத் தலைவரும் அவர்தான். முகாம் கமிட்டியில் சேர்ந்ததிலிருந்து அவர் கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை விறகு பொறுக்கப் போனபோது சேற்றோரத்தில் ஒரு நாய் முன்னங்கால்களால் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். அவள் வீட்டு அடுப்படி இருந்த இடம். தோள்பட்டை கழன்றுவிடும்போல வலிக்கும்வரை கல்லெறிந்தாள். நாய் விலகிப் போய் உட்கார்ந்து, அவள் போவதற்காகக் காத்திருந்தது. அந்தப் பொறுமையைப் பார்த்ததும் அவள் அங்கேயே வாந்தி எடுத்தாள்.

நேராக மாமாவிடம் போனாள். அவர் பயறு தின்று முடித்துப் பல்லைக் குத்திக்கொண்டிருந்தார்.

"மாமா, அங்க நாய் தோண்டுது."

"நாய்னா தோண்டத்தான் செய்யும்."

"நம்ம பேரன்கள் இருக்காங்கல்ல..."

"ஃபலெசி." அவர் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். நுனியில் பயற்றுத் தோல் ஒட்டியிருந்தது. "பாதிரியார் ஜெபம் பண்ணி மூடின இடம் அது. மறுபடி தோண்டினா கடவுள் வேலையில குத்தம் கண்டுபிடிச்ச மாதிரி. உனக்கு விசுவாசம் இருக்குல்ல? இருக்குன்னுதானே வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் சாட்சி சொல்றே?"

அவள் மறுபடி விறகு பொறுக்கப் போனாள்.

அன்று மாலை குழாயடியில், பேரன்களில் ஒருவனான டைசன் இன்னொருவனிடம் சொல்வது காதில் விழுந்தது. "யார்ரா தோண்டுவா அந்த நாத்தத்துல? வரிசையில நிக்கலேன்னா மாவும் போயிடும். கடவுள் புதைச்சதாவே இருக்கட்டும், நமக்கென்ன." அவன் அம்மாவுக்குத் தோள் மறையக் குழி வெட்டியவன் யார் என்று கேட்க நாக்குத் துடித்தது. குடத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

கடவுளின் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அவளுக்கே அது ஆச்சரியம்தான். விடியலில் தண்ணீருக்குப் போகும்போது அவரோடு பேசுவாள், வைசனிடம் பேசுவதுபோலவே, கொஞ்சம் குறையும் கொஞ்சம் கெஞ்சலுமாக. ஏன் என்று கேட்டிருக்கிறாள். பதில் வந்ததில்லை. ஆனாலும் அவர் அவளைவிட்டுப் போய்விடவில்லை என்பதில் அவளுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. மலை சரிந்த அன்று மாவு மில்லில் வரிசை நீளமாக இருந்ததால் பிள்ளைகள் பிழைத்தார்கள். அதைத்தான், உதவி கொண்டுவந்தவர்கள் முன்னால் எழுந்து நின்று, முதல் சாட்சியில் சொன்னாள். அது உண்மை. இரண்டாவது முறை வேறு ஊர்க்காரர்கள் வந்தார்கள். "அந்த அழுகிற இடத்தைக் கொஞ்சம் மெதுவா சொல்லும்மா," என்றார் பாதிரியார். மூன்றாவது முறை போட்டோ எடுப்பவர் வசதியான இடத்துக்கு வரும்வரை அவளே நிறுத்திக் காத்திருந்தாள். அன்று சாயங்காலம் அடுப்புச் சாம்பலை எடுத்து நாக்கைத் தேய்தேய் என்று தேய்த்தாள். ருசி போகவில்லை.

ஞாயிறு காலை பிளாண்டயர் நகரத்திலிருந்து, நிவாரணம் கொடுக்கும் நான்கு விருந்தாளிகள் வருவதாகத் தகவல். வகுப்பறையைக் கூட்டினார்கள். கஞ்சிக் கறையைத் துடைக்க நேரமில்லாமல் மேலே சாக்கை விரித்தார்கள். மாதர் சங்கத் தலைவி நசிபெக்கோ ஃபலெசியின் இடுப்பில் புதுச் சிட்டெஞ்சே துணியைச் சுற்றிக் கட்டிவிட்டாள்.

"நாலே நிமிஷம். கொஞ்சம் அழுதுடு. ஆனா மூக்கு ஒழுக விடாதே. போன தடவை போட்டோவுல பார்க்கவே சகிக்கல."

"அக்கா, இன்னிக்கு வேணாம்க்கா. எனக்கு முடியல."

"உனக்கு முடியலேன்னா நமக்கு எண்ணெய் வருமா? என் புருஷன் உயிரோட இருக்கான், நான் போய் நின்னா எவன் அழுவான்?" நசிபெக்கோ முடிச்சை இறுக்கினாள். "துணியை அழுக்காக்காமத் திருப்பிக் குடுத்துடு, என்ன?"

விருந்தாளிகள் பள்ளிக்கூட நாற்காலிகளின் நுனியில் உட்கார்ந்தார்கள். ஒரு பெண்மணி வாசனை தடவிய கைக்குட்டையை மூக்கருகே வைத்துக்கொண்டு கண்களால் மட்டும் சிரித்தாள். ஜன்னலோர பெஞ்சில் மாமா லெஃபானி, அவருக்கு அந்தப் பக்கம் டைசனும் மற்றப் பேரன்களும். பாதிரியார் கையைத் தூக்கினார்.

"கடவுள் நல்லவர்!"

"எப்போதும்!" என்றது அறை.

"நம்ம சகோதரி ஃபலெசி இப்ப வந்து, கர்த்தர் எப்படி உண்மையுள்ளவர்னு சொல்வாங்க."

அவள் எழுந்து நடுவில் வந்து நின்றாள். போட்டோ எடுக்கும் பையன் முன்னால் வந்து ஒற்றை முழங்காலில் உட்கார்ந்தான். மனப்பாடமான முதல் வரி தானாக நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது, சலித்த மாவிலும் தப்பி வரும் புழுவைப்போல. வாயை மூடிக்கொண்டாள். பிறகு வேறு வரியைச் சொன்னாள்.

"கர்த்தர் நீதியுள்ளவர்."

"ஆமென்."

"அவர் உண்மையுள்ளவர். இத்தனை நாள்ல ஒரு நாள்கூட என்னைக் கைவிடல."

"ஆமென்!"

"அவர் என் புருஷனைப் புதைக்கல."

ஆமென் வரவில்லை. பாதிரியார் புன்னகையைக் கலைக்காமலேயே அவள் பக்கம் திரும்பினார்.

"அவர் புதைச்சிருந்தா நாய் கிட்ட வந்திருக்காது. அவர் அரைகுறையா வேலை செய்றவர் இல்ல. இது நாம செய்யாம விட்ட வேலை. நாறுதுன்னு விட்டோம், மாவு போயிடும்னு விட்டோம். விட்டுட்டு அவர் பேரைச் சொன்னோம், அதுக்கு மெட்டும் போட்டுப் பாடினோம். நானும்தான் பாடினேன். வாய் நாறுது எனக்கு."

"சகோதரி ஃபலெசி துக்கத்துல இருக்காங்க," என்றார் பாதிரியார் விருந்தாளிகளிடம். "நாம ஒரு பாட்டுப் பாடுவோம்."

நசிபெக்கோ எடுத்துக் கொடுத்தாள். இரண்டு குரல் சேர்ந்தது. மூன்றாவது குரல் வரவில்லை. பாட்டு பாதியில் நின்றுபோனது. டைசன் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஃபலெசி ஜன்னலோரம் போனாள். ஊர் வழக்கப்படி பெரியவர்களிடம் ஒன்றைக் கேட்பதானால் மண்டியிட வேண்டும். சாக்கு விலகிக் கிடந்த இடத்தில், பழைய கஞ்சி காய்ந்து வழுக்கிய தரையில், புதுத் துணியோடு மண்டியிட்டாள். ஈக்கள் எழுந்து அவள் முழங்காலைச் சுற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தன. மாமா வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தார். அவர் கண்ணில் கெஞ்சல் இருந்தது. அவள் இரண்டு கைகளையும் குவித்து மெதுவாக இருமுறை தட்டினாள், கேட்பவர்கள் தட்டுவதுபோல.

"மாமா, பேரன்களைக் கூட்டிக்கிட்டுக் கிளம்புங்க. என் வைசனைத் தோண்டி எடுத்துக் குடுங்க."